ரசமட்டம் நேராக்கிய நாற்பத்தெட்டுப் பலகைகள்

நாற்பத்தெட்டு வளைந்த பலகைகள் என் கிடங்கில் நேராகிப் போயின. பலகைகள் என் தங்கையுடையவை. ஒரு கட்டடக்கலைப் பள்ளிக்கு அவள் வரைந்த வளாகத்தின் மாதிரிக் கூரையை அவற்றின் மேல்தான் கான்கிரீட்டில் ஊற்ற வேண்டியிருந்தது. அந்தக் கூரை நின்றால்தான் அவளுக்கு அந்த வேலை நிற்கும். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பலகை நேரானதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நான் பலகை வியாபாரி. வருடக்கணக்காக அறுவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் காது போய்விட்டது. தொலைபேசியைக் காதில் வைத்தால் அந்த இயந்திரத்தின் சத்தம்தான் உள்ளே இன்னும் ஓடுகிறது. அதனால் நாங்கள் கடிதம் எழுதிக்கொள்கிறோம். என் லாரி அவள் ஊர் வழியாகப் போகும். ஓட்டுநர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பதிலை வாங்கி வருவார். கடிதங்களை வந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். சரக்கின் ஓட்டையை மறைத்து விற்றுப் பழக்கமில்லை.

ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். வலது காது கடையை மூடிவிட்டது. இடது காது அரை நாள் திறக்கிறது. உன் முதுகுவலி எப்படி? மேசைக்கு முன்னால் குனிந்தே உட்காராதே என்று எத்தனை தரம் சொல்வது?

உன் பலகைகள் நேற்று வந்து இறங்கின. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தெட்டு. எட்டடி நீளம், நாலடி அகலம், ஒவ்வொன்றும் தொட்டில் மாதிரி வளைந்து. இருபத்தாறு வருட வியாபாரத்தில் வளைந்த பலகை வந்தால் லாரியோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது வளைந்ததற்காகவே ஒரு லோடு! கிடங்கில் ஒரே சிரிப்பு.

ரசமட்டத்தை உனக்குத் தெரியும். கிடங்கு மேஸ்திரி, நான் முதல் பலகை வாங்கிய நாளிலிருந்து கூட இருப்பவன். ஒரு நூல் சாய்வு இருந்தாலும் வெறும் கண்ணால் பிடித்துவிடுவான். அதனால்தான் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரே அவனுக்கு. பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "முதலாளி, எல்லாம் நனைஞ்ச சரக்கு. பாவம், தங்கச்சி தலையில எவனோ கட்டிட்டான்."

"அதெல்லாம் பார்த்துதான் வாங்கியிருக்கா. நீ பத்திரமா வை" என்றேன்.

நாளை மறுநாள் மரம் வாங்கக் கிளம்புகிறேன். வர ஐந்து வாரம் ஆகும். உன் கட்டுமானத் தளத்தில் பலகை வைக்கக் கொட்டகை தயாரானதும் சொல், லாரியில் அனுப்பிவைக்கிறேன்.

உன் படத்தை அண்ணியிடம் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ரூமே உருண்டையா இருந்தா பீரோவை எங்க வைக்கிறது?" பதில் எழுது.

உன் அண்ணன்.

ஜனவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். நாற்பத்தொரு வயதில் இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு பெயர் போட்டால் யாரென்று கேட்பாய். முதுகு இருக்கிறது. நீ எங்கேயாவது மழையில் நனைந்துகொண்டு மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாய். காதில் பஞ்சு வைத்துக்கொள்.

அண்ணியிடம் சொல்: அங்கே பீரோவே கிடையாது. சுவரின் தடிமனிலேயே குழிவு விட்டிருக்கிறேன், பறவை கூட்டில் பொந்து விடுவதுபோல. சுவர் தரையிலிருந்து மரத்தின் அடிபோலத் தடித்து எழும். மேலே போகப் போக மெலிந்து, வளைந்து, அதுவே கூரையாகிவிடும். இதுவரை சுவர், இனிமேல் கூரை என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கூரை முகட்டில் மீனின் செவுள்போலக் கீறல்கள். உள்ளே இருக்கிற சூடு அதன் வழியாக வெளியேறும். மழைத் தண்ணீர் முதுகில் வழிந்து நடுவிலிருக்கும் குளத்துக்குப் போகும். வரைகூடம், நூலகம், அலுவலகம். மூன்றும் ஒரே உயிரின் மூன்று உறுப்புகள். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இது பதினொன்றாவது முறை வரைந்தது. நன்றாக இருக்கிறதா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அர்த்தம் உதிர்ந்துபோகுமே, அப்படி.

போன கூட்டத்தில் பள்ளி முதல்வர், "அம்பது வருஷம் கழிச்சு வர்றவனும் இதைப் பார்த்துப் புதுசுன்னு சொல்லணும்" என்றார். பக்கத்தில் பொருளாளர், "அம்பது வருஷம் கழிச்சு ஒழுகுமா ஒழுகாதா? அதைச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஏப்ரலில் வரைகூடக் கூரையின் ஒரு துண்டை மட்டும் முழு அளவில் ஊற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா பார்ப்பதற்கு. அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தப் பலகைகள். ஐந்து மாதம் ஒவ்வொன்றாக ஊறவைத்து, கட்டி, வளைத்து, காயவைத்தது. உன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே எனக்குப் பாதி முதுகுவலி குறைந்துவிட்டது.

பாப்பா.

பிப்ரவரி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

திரும்பி வந்து நாலு நாள் ஆகிறது. சுகம். மரம் இந்த வருடம் பரவாயில்லை, விலைதான் மரத்தைவிட உயரமாக வளர்ந்திருக்கிறது. அண்ணிக்கு உன் பொந்து யோசனை பிடித்துப்போனது. "அப்ப பூட்டு?" என்கிறாள்.

போன இடத்தில் ஒரு காது வைத்தியரைப் பார்த்தேன். நல்லவர். நிறையப் பேசினார். ஒன்றும் கேட்கவில்லை.

உன் பலகைகள் கிடங்கில் இருக்கின்றன. ரசமட்டம் மிகுந்த அக்கறையாகப் பார்த்துக்கொண்டான். ~~நான் இல்லாதபோது அவன்~~

பொருளாளர் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒழுகுமா என்று கேட்கிறவன்தான் வாங்குகிறவன். அழகாக இருக்கிறது என்று சொல்கிறவன் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்.

மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நலம் என்று எழுதிவிடுகிறேன், எழுதினால் அது ஆகிவிடும் என்பதற்காக. அண்ணியின் மூட்டுவலி பற்றி நீ எழுதவே இல்லை.

என் மேசையின் ஒரு கால் ஆடுகிறது. கீழே நாலாவது முறை வரைந்த படத்தை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படம் ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்பதில் ஒரு திருப்தி.

ஒரு உதவி. ஏதாவது மூன்று பலகையை எடு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டு. நடுவில் நூலுக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுது. பதினாறு அங்குலம் இருக்க வேண்டும். ஈரக்காற்றில் ஒன்றிரண்டு அங்குலம் தளர்ந்திருந்தாலும் நான் இங்கே சட்டங்களைத் திருத்திக்கொள்ளலாம்.

தளத்தில் மரச்சட்டங்களை நிறுத்திவிட்டோம். வளைவான சட்டங்கள் வரிசையாக, திமிங்கலத்தின் விலா எலும்புபோல. அதன் மேல் உன் கிடங்கிலிருந்து பலகைகள் வந்து உட்கார்ந்தால் கம்பி கட்டலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே தையலே தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முட்டை ஓட்டின் உட்புறம் மாதிரி இருக்கும்.

ஏன் ஒரு வரியை அடித்திருக்கிறாய்? நீ அடித்து எழுதுகிறவன் இல்லையே.

பாப்பா.

மார்ச் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். அண்ணிக்கும் சுகம்.

கிடங்கில் வேலை நெருக்கடி. அளந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் என்றாயே, ஆரம்பமா கடைசியா? இன்னொன்று: பலகையை வளைப்பதற்கு முன்னால் எத்தனை நாள் ஊறவைத்தீர்கள்? வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். வியாபாரத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

உன் அண்ணன்.

மார்ச் 24

அண்ணா,

பதினாலு நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. உன் கடிதத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு வரி. வியாபாரத்துக்காகத் தெரிந்துகொள்கிறாயாம். நாற்பத்தொரு வருடமாக உன்னைத் தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது. வாங்குகிறவன் கேட்கும் முன்பே "இதுல ஒரு முடிச்சு இருக்கு, பார்த்துக்குங்க" என்று காட்டுகிற ஆள் நீ. எத்தனை பலகை போயிற்று? நேராகச் சொல்.

நீ சொல்வதற்கு முன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதுதான் நியாயம்.

மாதிரிக் கூரை சும்மா பார்ப்பதற்கு இல்லை. டிசம்பரிலேயே எங்கள் நிறுவனத்துப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார். "அம்மா, பொருளாளர் இதைக் கட்டவே முடியாதுங்கறார். மாதிரி நின்னா வேலை உங்களோடது. நிக்கலைன்னா வேற ஆள் பார்த்துக்குவாங்க. பெட்டி மாதிரி கட்டடம் வரையறதுக்கு நம்மகிட்ட ஆள் நிறைய இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தேநீர்கூட ஊற்றிக் கொடுத்தார்.

ஏப்ரல் பத்தாம் தேதி கான்கிரீட். இருபத்தாறாம் தேதி குழு வந்து பார்க்கிறது. ஏழு வருடம் அங்கே இருக்கிறேன், என் பெயரில் நிற்கிற ஒரு சுவர் கிடையாது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் தினமும் ஒரு லாரி அனுப்புவாய். உனக்கு உன் காதே போதும் என்று நினைத்தேன்.

இப்போது நீ சொல்.

பாப்பா.

மார்ச் 26

பாப்பா,

லாரிக்குக் காத்திருக்கவில்லை. பேருந்தில் ஆளை அனுப்பியிருக்கிறேன். பதிலை அவரிடமே கொடு.

நாற்பத்தெட்டும் போயிற்று.

நான் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் ரசமட்டம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முகமெல்லாம் பல். "வாங்க முதலாளி, ஒரு வேலை பண்ணி வச்சிருக்கேன்." மூலையில் உன் பலகைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, விளிம்புக்கு விளிம்பு பிசகாமல். மேலே பன்னிரண்டு இரும்பு உத்திரம். "முதல்ல ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டேன். அப்புறம்தான் பாரம். ஒரேயடியா ஏத்தினா வெடிக்கும்ல? நாளைக்கு ஒண்ணுன்னு ஏத்தினேன். ஒண்ணுகூட வெடிக்கலை. நீங்களே வச்சுப் பாருங்க!" அவனே மட்டத்தை வைத்துக் காட்டினான். குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

நான் 'பத்திரமா வை' என்றுதானே சொன்னேன். எங்கள் தொழிலில் வளைந்த பலகையைப் பத்திரமாக வைப்பது என்றால் அதுதான். நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. வளைவாகவே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும், சேர்க்கவில்லை. அவன் மேல் தப்பில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு நேர்த்தியாக நேராக்கிய பலகையை இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை. "நல்லா இருக்கு" என்றேன். 

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சும்மா பார்ப்பதற்குத்தானே என்று எழுதியிருந்தாய். அவசரமில்லை, அதற்குள் நானே திரும்ப வளைத்துவிடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து வளைத்ததில் ஒன்பது வெடித்தது. அப்போதுதான் ரசமட்டத்துக்கு விஷயம் புரிந்தது. "அப்ப அது வளைவாவே இருக்கணுமா?" என்றான். பிறகு இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது வியாபாரி பேசுகிறேன், கேள்.

நேற்று அறுவை இயந்திரத்தருகே நின்றேன். வெடித்த பலகை ஒன்றைக் கீற்றுக் கீற்றாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று அங்குல அகலக் கீற்று ஒவ்வொன்றும் மேசை விளிம்பில் தானாக வளைந்து தொங்குகிறது. யாரும் ஊறவைக்கவில்லை, கட்டவில்லை. வீம்பெல்லாம் அகலப் பலகைக்குத்தான், கீற்றுக்கு இல்லை. உன் சட்டங்கள்தான் ஏற்கனவே வளைவாக நிற்கின்றனவே. கீற்றைச் சட்டத்தின் மேல் வைத்து, ஆணி அடித்துக்கொண்டே போனால் சட்டம் சொல்கிறபடி அது வளையும். அடுத்த கீற்று அதன் தோளோடு தோள். கழற்றினால் மறுபடி நேராகிவிடும், அடுத்த இடத்தில் அடிக்கலாம்.

பலகைக்குப் பதினைந்து கீற்று. முப்பத்தொன்பது பலகை உன்னுடையது. மீதி ஒன்பது என்னுடையது. நாலு நாள் வேலை.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை: கான்கிரீட்டில் கோடு விழும். கீற்றுக்கு ஒரு கோடு.

உன் அண்ணன்.

மார்ச் 27

மதிப்பிற்குரிய பலகை வியாபாரி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

என் வரைபடத்தில் கோடு கிடையாது. முட்டைக்குள் யாராவது கோடு போட்டிருக்கிறார்களா? ஐந்து மாதம் நானும் ஒரு தச்சரும் கை ஊறிப்போய் வளைத்ததை உங்கள் மேஸ்திரி ஐந்து வாரத்தில் மட்டமாக்கிவிட்டார். நீங்கள் அதற்கு "நல்லா இருக்கு" என்று பாராட்டும் கொடுத்தீர்கள். அதற்குமேல் ஒரு மாதம் எனக்குச் சொல்லாமல் தொட்டியில் ஊறவைத்துக்கொண்டிருந்தீர்கள். பிப்ரவரியில் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு ஆறு வாரம் இருந்திருக்கும். இப்போது பதினாலு நாள் இருக்கிறது.

என் பக்கமும் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இன்று அதை எழுதுகிற தெம்பு இல்லை.

சட்டங்கள் நிற்கின்றன. கீற்றை அடிக்க ஒன்றரை அங்குல ஆணி போதுமா, இரண்டு அங்குலம் வேண்டுமா? தச்சர்கள் தங்குவதற்குத் தளத்தில் தகரக் கொட்டகை இருக்கிறது. தண்ணீர் வருகிறது. விசிறி இல்லை.

இப்படிக்கு.

மார்ச் 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

'நீங்கள்' போட்டு எழுதியிருந்தாய். செவிட்டுக் காதிலும் அது விழுந்தது.

ஒன்றரை அங்குலம் போதும். தலையை முழுசாக இறக்கக் கூடாது, கழற்றும்போது பலகை பிய்யும்.

முதல் தேதி நானே வருகிறேன். நாலு தச்சர்கள், கீற்று ஒரு லோடு, விசிறி இரண்டு. ரசமட்டமும் வருகிறான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நான் நேராக்கினதை நான்தான் வளைக்கணும்" என்று லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான், லாரி கிளம்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

அவனைத் திட்டாதே. என்னைத் திட்டிக்கொள். வலது பக்கம் நின்று திட்டு.

உன் அண்ணன்.

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே, பாதி நலம். அண்ணி கொடுத்தனுப்பிய முதுகுத் தைலம் தீர்ந்துவிட்டது. பாதியை ரசமட்டம் அவர் தோளுக்குப் பூசிக்கொண்டார்.

நீ கான்கிரீட் ஊற்றிய மறுநாளே கிளம்பிவிட்டாய், அதனால் முழுக்கதையும் எழுதுகிறேன்.

இருபத்துநாலாம் தேதி பலகையைக் கழற்றினோம். ரசமட்டம் யாரையும் கிட்ட விடவில்லை. ஒவ்வொரு கீற்றாக அவரே தட்டிக் கழற்றினார். கழன்று விழுந்ததும் அது நேரானது. அதை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். எனக்கு மேலே பார்க்கப் பயம். தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர்தான், "தங்கச்சி, நிக்குது. தலையைத் தூக்குங்க" என்றார்.

தூக்கினேன். கோடுகள்தான். தரையிலிருந்து கிளம்பி, தோளில் வளைந்து, தலைக்கு மேல் நெருங்கி, மறுபக்கம் இறங்கின. மரத்தின் நரம்பு கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருந்தது. நான் வரைந்தது இது இல்லை. நான் வரைந்ததைவிட நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே. எனக்கு அதைச் சொல்லத் தெம்பில்லை.

இருபத்தாறாம் தேதி குழு வந்தது. முதல்வர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்து கல் தடுக்கினார். பெரியவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொருளாளர் சுவரோரமாகப் போய் உள்ளங்கையால் தடவினார். பிறகு விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். நாற்பது வரை எண்ணிவிட்டுத் திரும்பினார்.

"இந்த ஒரு கோடு ஒரு பலகையா?"

"ஆமா."

"வளைஞ்ச பலகையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரசமட்டம் முந்திக்கொண்டார். "நேர்ப்பலகைதான் சார். கடையில விக்கிற சாதாரணப் பலகை. கழட்டினா பழையபடி நேராயிடும். இந்தாங்க, பாருங்க" என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். பொருளாளர் அதை வளைத்தார், விட்டார், மறுபடி வளைத்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்ததுபோல ஐந்து நிமிடம்.

"அப்ப இதையே எடுத்து அடுத்த துண்டுக்கும் அடிக்கலாமா?"

"எட்டுத் தடவை தாங்கும் சார். எண்ணெய் பூசினா பத்து."

பொருளாளர் முதல்வரைப் பார்த்து, "இதை ஏன் முன்னாடியே யாரும் சொல்லலை? நான் ஒவ்வொண்ணும் தனியா வளைக்கணும்னு நினைச்சுல்ல பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அண்ணா, அவர் நினைத்தது சரிதான். என் திட்டம் அதுவாகத்தான் இருந்தது. முழு வளாகத்துக்கும் அப்படி வளைத்திருந்தால் எனக்குத் தொண்ணூறு வயதாகியிருக்கும்.

முதல்வர் தன் பங்குக்கு, "எப்படிக் கட்டினாங்கன்னு சுவரே சொல்லுது. பசங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை" என்றார். அவர் அதை ஏற்கனவே எங்கோ சொற்பொழிவில் பயன்படுத்திவிட்டார் என்று கேள்வி.

முடிவு: வரைகூடம் என் படப்படி. நூலகமும் அலுவலகமும் பெட்டி. அதில் பேச்சில்லை என்றுவிட்டார்கள். மூன்று உறுப்பு என்றேன், ஒன்று பிழைத்தது. பெரியவர் என் கையைக் குலுக்கிவிட்டு, பெட்டிகளையும் என்னையே வரையச் சொன்னார். வரைவேன். அண்ணியிடம் சொல், பீரோ வைக்க நிறைய மூலை இருக்கும்.

சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது. தூக்கம்தான் வருகிறது.

இன்னொன்று. நீ தளத்தில் இருந்தபோது, சாரத்தின் மேலிருந்து "நகரு, நகரு" என்று நான் மூன்று தரம் கத்தினேன். உன் இடது காது என் பக்கம்தான் இருந்தது. ரசமட்டம் வந்து உன்னை இழுத்த பிறகுதான் நீ நின்ற இடத்தில் ஒரு கம்பி விழுந்ததையே பார்த்தாய். அரை நாள் திறக்கிற காது என்று எழுதினாயே. வைத்தியர் என்ன சொன்னார்?

வரைகூடத்துக்கான கீற்றுகளுக்கு விலை கேட்கச் சொன்னார்கள். நான் தங்கை என்பதால் நான் பேசக்கூடாது. பொருளாளர் உனக்கு நேரடியாக எழுதுவார். நீ அவரிடம் என்ன பேசி முடித்தாய் என்று எனக்கு எழுது.

பாப்பா.

மே 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. அண்ணி சுகம். புதுத் தைலம் இரண்டு புட்டி வருகிறது, ஒன்றில் ரசமட்டம் என்று எழுதியிருக்கிறது.

காது விஷயம். வைத்தியர் சொன்னது கேட்கவில்லை என்று எழுதினேன். அவர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். இடது காதும் இந்த வருடத்துக்குள் மூடிவிடும். கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கலாம், இயந்திரத்துக்குப் பக்கத்தில் இனிமேல் நிற்கக் கூடாது. தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் அண்ணிக்கு நேற்றுத்தான் காட்டினேன். "எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும், நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள், காகிதத்தில் எழுதி. இந்த வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி.

ஒன்று பிழைத்தது என்று எழுதியிருந்தாய். நான் வியாபாரம் ஆரம்பித்த வருடம் மூன்று லோடு வாங்கினேன். இரண்டு ஆற்றோடு போயிற்று. ஒரு லோடில்தான் இந்தக் கிடங்கு நிற்கிறது. ஆறுதல் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பொருளாளர் நேரில் வந்திருந்தார். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. நான் கேட்காததையெல்லாம் எழுதி எழுதிக் காட்டினார், நான் எழுதாததையெல்லாம் கேட்டார். ரசமட்டத்தைத் தளத்துக்கு மேஸ்திரியாகத் தரச் சொன்னார். அவன் இல்லாமல் கிடங்கு ஒரு பக்கம் சாயும். சரி என்றேன். கிளம்பும்போது மட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, "அங்க இது எதுக்கு முதலாளி, ஒண்ணும் நேரா இல்லையே" என்றான். அரைமணி கழித்து வந்து எடுத்துக்கொண்டு போனான்.

பேசி முடித்தது இது: வரைகூடத்துக்கு இருநூற்று நாற்பது பலகை, மூன்று அங்குலக் கீற்றாக அறுத்து, தளத்தில் இறக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. பலகைக்குச் சந்தை விலை, அறுவைக்குக் கூலி இல்லை, ஏனென்றால் முதல் நாற்பத்தெட்டைக் கெடுத்தது என் கிடங்கு. ரசமட்டத்துக்கு எட்டு மாதம் அவர்கள் சம்பளம், தங்குவதற்கு விசிறியுள்ள அறை. வேலை முடிந்ததும் கீற்றுகள் எனக்கே திரும்பி வரும்.

உனக்கும் எனக்கும் தனியாக ஒன்று. அதைப் பொருளாளரிடம் சொல்லவில்லை. கெட்ட சேதி எந்தப் பக்கம் இருந்தாலும், அடித்து எழுதாமல், அடுத்த லாரியிலேயே.

உன் அண்ணன்.